அம்பாசடரும் அசையாத டாப்பெட் ஸ்க்ரூவும்

அம்பாசடர் காரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் அதன் பின்சீட்டைப் பற்றியே எழுதுகிறார்கள். பானெட்டைத் திறந்தவர்கள் குறைவு. அதற்கும் உள்ளே, டாப்பெட் கவருக்கு அடியில் எட்டுச் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

1957-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் வெளிவந்தபோது அதில் இருந்தது 1476 சிசி சைடு வால்வு எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். 1959-ல் அதற்குப் பதிலாக 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. பிரிட்டனில் பி-சீரிஸ் என்று பெயர். 1947-ல் ஆஸ்டின் ஏ-40 காருக்காகப் பிறந்த குடும்பம் அது. எம்ஜிபி என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் ஓடியதும் அதே குடும்பத்து 1798 சிசி எஞ்சினில்தான். அங்கே 1980-ல் எம்ஜிபி நின்றுவிட்டது. நம் ஊரில் அதற்குப் பிறகும் பல வருடம் அந்த எஞ்சின் உழைத்தது. 1990-களில் இசுசு எஞ்சின் வந்த பிறகும் பழைய வண்டிகளில் அதுவே ஓடியது.

ஓவர்ஹெட் வால்வு எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கீழே இருக்கும், வால்வு மேலே இருக்கும். நடுவில் புஷ் ராடு. அது மேலே எழும்பி ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை வால்வை அமுக்கும். சூட்டில் இரும்பு நீளும் அல்லவா? அதற்காக ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே 15 தவ், அதாவது 0.015 அங்குலம் இடைவெளி விட வேண்டும். ராக்கரின் புஷ் ராடு பக்கத்து முனையில் இருக்கும் ஸ்க்ரூவும் லாக் நட்டும் அதற்குத்தான்.

இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான். வால்வு முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கொடுக்க முடியாமல் விளிம்பு கருகிவிடும். ஆனால் வண்டி வைத்திருந்தவர்களில் பலருக்குச் சத்தமில்லாத எஞ்சின்தான் நல்ல எஞ்சின். "டாப்பெட் சத்தம் கேட்குதே, நிறுத்துப்பா" என்பார்கள். மெக்கானிக்கும் கொஞ்சம் இறுக்கிக் கொடுப்பார். அமைதியாக இருந்ததால் அப்புறம் வருடக்கணக்கில் யாரும் கவரைத் திறக்கவில்லை. ஆயில் மாற்றுவதும் தள்ளிப்போனது. பழைய ஆயில் மரையில் அரக்காக உறைந்தது; கொஞ்ச தூரமே ஓடி நிறுத்திய வண்டிகளில் ஈரம் சேர்ந்து துருவும் பிடித்தது.

2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. சுவாசிப்பவர்களுக்கு நல்லது, மறுப்பில்லை. ஆனால் பி-சீரிஸ் ஹெட்டில் வால்வு சீட் தனி வளையம் அல்ல, வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயப் படிவு அதுவரை அதற்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது போனதும் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், இடைவெளி தானாகக் குறையும். அடிக்கடி செட் பண்ண வேண்டிய காலம் வந்தபோது ஸ்க்ரூக்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்னும் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்காக, அதைக் கழற்றும் விதத்தைச் சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நட்டைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்து, துரு இளக்கும் ஆயிலை விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள், அந்த வால்வு முழுக்க மூடியிருக்கும் நிலையில், ஸ்க்ரூவின் காடியில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் நட்டை முதலில் ஒரு துளி இறுக்குங்கள். பிறகு தளர்த்துங்கள். இறுக்கும் பக்கம் அசைந்த மரை மறுபக்கமும் அசையும். பிடிக்காமல் விட்டால் நட்டோடு ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றும். கீழே இறங்கினால் புஷ் ராடு வளையும்.

காடி உடைந்துபோயிருந்தால், மேலே மரை மீதமிருக்கும்பட்சத்தில், இன்னொரு நட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டைப் பிடித்துத் திருப்பலாம். கேஸ் விளக்கால் சிவக்கச் சூடு காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராக்கர் முனையின் கடினம் அதில் போய்விடும்; அந்த முனை சீக்கிரம் குழி விழும்.

அதற்கும் மசியாவிட்டால் ராக்கர் ஷாஃப்டையே கழற்றி வைஸில் பிடிப்பதுதான் வழி. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ராக்கர் கால்களைப் பிடிக்கும் நான்கு பெரிய நட்டுகள் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஹெட்டுக்கு மொத்தம் 11 நட்டு. நான்கை மட்டும் கழற்றினால் மீதி ஏழும் ஒரு பக்கமாக இழுத்து ஹெட் வளையலாம். தண்ணீர் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள்ளும் இறங்கலாம். ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை முதலில் வடித்துவிட்டு, 11 நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மாட்டும்போதும் அப்படியே, டார்க் ரெஞ்சு வைத்து. ஒரு ஸ்க்ரூவுக்காக ஒரு நாள் வேலை. ராத்திரி முழுக்க ஆயிலில் ஊற விடச் சொன்னது இதனால்தான்.

ஸ்க்ரூ வந்துவிட்டால் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடிமுனைக் குண்டில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட் பண்ண பழைய மெக்கானிக்குகளின் ஒன்பது கணக்கு இருக்கிறது: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போனால் போதும். நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள்; இறுக்கும்போது இரண்டு தவ் ஓடிவிடும்.