மறதிநோயும் மூளை நாளங்களும்: குளோஸ்ட்ரப் ஆய்வு

மூளையின் ஆழத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனிகள் முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும் தடித்துக் குறுகும்போது, அவற்றை நம்பியிருக்கும் வெண்பொருள் நலிகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். இவற்றுடன் 3 முதல் 15 மி.மீ. வரையுள்ள சிறு குழிகளும் நுண்கசிவுகளும் காணப்படலாம். நுண்நாளங்கள் வழக்கமான படத்தில் அகப்படுவதில்லை. அவை விட்டுச்சென்ற சேதத்தைக் கொண்டே மருத்துவர் அவற்றின் நிலையை ஊகிக்கிறார். திட்டுகளின் அளவை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் ஃபசேகாஸ் அளவுகோல் 1987இல் வந்தது.

இத்துறையின் முக்கியமான ஆய்வு ஒன்று டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டுக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் குளோஸ்ட்ரப் நகரில் வேர்கொண்டது. 1914இல் பிறந்து, ஏழு நகராட்சிகளில் வாழ்ந்த 698 பேர் 1964இல், தங்கள் ஐம்பதாவது வயதில், ஆய்வுக்குள் வந்தனர். வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனை 50, 60, 70, 80 வயதுகளில் திரும்பத் திரும்ப நடந்தது. மறதிநோய் இல்லாத 68 முதியவர்களுக்கு 80 வயதை ஒட்டி எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. எல்லன் கார்டெ தலைமையிலான குழு முடிவுகளை 2000இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது.

80 வயதில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் வெள்ளைத் திட்டுகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஐம்பதிலிருந்து எண்பதுக்குள் ஒருவர் எவ்வளவு சரிந்தார் என்பதோடுதான் திட்டுகள் பொருந்தின. இளமையிலேயே கூர்மையானவர் ஓரளவு இழந்த பின்னும் சராசரிக்கு மேலேயே நிற்கலாம். பழைய மதிப்பெண் கையில் இல்லாவிட்டால் அந்த இழப்பு யார் கண்ணுக்கும் படாது. முப்பது ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த பதிவுகள் இங்கே கருவியைவிடப் பெரிய வேலையைச் செய்துள்ளன. ஆனால் தொடர்பு மிதமானதே. இவர்கள் நோயாளிகளும் அல்லர். ஆகவே இம்முடிவை மறதிநோய்க்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. மறதிநோயாளர் பலரிடம் நாளச் சேதமும் அல்சைமரும் சேர்ந்தே இருப்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது.

மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராய்வதில் டென்மார்க்குக்குப் பழைய மரபு உண்டு. நீல்ஸ் லாசன், ஸ்வீடனின் டேவிட் இங்வாருடன் சேர்ந்து, கதிரியக்க வாயுக்களைக் கொண்டு அந்த ஓட்டத்தை 1960களில் அளந்தார். இன்று இரத்தத்திலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு, ஊசியின்றி எம்.ஆர்.ஐ. அதைச் செய்கிறது.

1914 குழுவில் எஞ்சியோரில் சிலருக்கு 85 வயதில் மீண்டும் படம் எடுக்கப்பட்டது. திட்டுகள் பெருகியதற்கும் அறிவுத்திறன் குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாக 2005இல் வெளியான கட்டுரை தெரிவித்தது.