பியட் எஞ்சினின் நீண்ட ஆயுள்

திருமழபாடி நந்தி கல்யாணத்துக்கு உங்கள் தாத்தா ஒருவேளை பியட் காரில் வந்திருப்பார். அதன் எஞ்சினைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 75 மி.மீ. கொள்ளளவு 1089 கன செ.மீ. வருகிறதல்லவா? இத்தாலியில் 1937-இல் வகுத்த இந்த அளவுகளை, மும்பை குர்லாவில் உருவான 'பிரீமியர் பத்மினி' பெட்ரோல் கார்கள் கடைசிவரை மாற்றவில்லை. போட்டியற்ற சந்தையும் இதற்கு ஒரு காரணம் என்பேன்.

நிமிடத்துக்கு 4800 சுற்றில் கிடைத்தது சுமார் 40 குதிரைத்திறனே. அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். லிட்டருக்கு 37 குதிரைத்திறன்கூட வாங்காததால், பாகங்கள் தாங்கவேண்டிய அழுத்தமும் வெப்பமும் மிதமாகவே இருந்தன. சிலிண்டர் தேய்ந்தால் 'ரீபோர்' செய்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட்டால் போதும்.

கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி மும்பைச் சாலையிலிருந்து 2023 அக்டோபரில் விலகியது. எஞ்சின் ஓய்ந்து அல்ல, 20 ஆண்டு வயது வரம்பால்.