என்ஜிசி 1277

ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் அடங்கிய பெர்சியஸ் கொத்தில், நம்மிடமிருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வில்லை வடிவ மண்டலம் இது. மார்கழி மாதத்து முன்னிரவில் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து வடக்கே நோக்குவோருக்கு, சேர்வராயன் மலை கிடக்கும் திசையில், அடிவானத்துக்கு ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் இது உச்சங் கடக்கும்; வெறுங்கண்ணுக்குப் புலப்படாதாயினும், சுமார் இரண்டு பாகை மேற்கே, ஏறத்தாழ மூன்று நாளுக்கொருமுறை ஒளி மங்கும் அல்கோல் என்னும் தாரகை இதன் ஸ்தானத்துக்கு அடையாளமாகும்.

1875 டிசம்பர் 4-இல் அயர்லாந்தின் பிர் கோட்டையில், ராஸ் பிரபுவான லாரன்ஸ் பார்சன்ஸ், 72 அங்குல உலோக ஆடி பொருத்திய தொலைநோக்கியால் இதனைக் கண்டார். அக்கோட்டையில் முன்பு உதவியாளராயிருந்த டிரேயர் 1888-இல் வெளியிட்ட என்ஜிசி அட்டவணையே இதற்கு 1277 என்னும் எண்ணை அளித்தது. தட்டு உண்டு, சுருள் கரங்கள் இல்லை என்னும் இவ்வில்லை வகைக்கு வானியலாளர் ஹபிள் 1936-இல் தம் மண்டல வகைப்பாட்டில் இடம் வகுத்தார்.

நெடுங்காலம் எண்ணாகவே கிடந்த இம்மண்டலம் 2012-இல் திடீரெனப் பிரசித்தி பெற்றது. வானியலாளர் வான் டென் பாஷ் குழுவினர், இதன் நடுவிலுள்ள கருந்துளை 1,700 கோடி சூரியர்களின் நிறையுடையது என்றும், அது மண்டலத்தின் மொத்த நட்சத்திர நிறையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு என்றும் அறிவித்தனர். பத்திரிகைகள் இதனைக் கொண்டாடின. ஆயினும் மறு ஆண்டே எம்செல்லெம் என்னும் ஆய்வாளர் அந்நிறையை 500 கோடி என மதிப்பிட்டார், 2016-இல் கிரஹாம் குழுவினர் 120 கோடிக்கு இறக்கினர்.

கருந்துளையின் பாரத்தைவிட இம்மண்டலத்தின் முதுமையே அதிக விசேஷமுடையது என்பது எமது அபிப்பிராயம். இதன் நட்சத்திரங்கள் பெரும்பாலும் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உண்டாகிவிட்டவை. பிற பெருமண்டலங்கள் அண்டையிலுள்ள சிறியவற்றை விழுங்கிப் பருத்தன. கொத்தினுள் மண்டலங்கள் மிகுவேகத்தில் ஒன்றையொன்று கடந்து செல்வதால் இணைப்பு அரிதாக, இதுவோ தன் ஆதி உருவிலேயே நின்றுவிட்டது. அவ்வாறு விழுங்கப்பட்ட சிறுமண்டலங்களோடு வந்து சேரும் நீலநிற உருண்டை நட்சத்திரக் கொத்துகள் இங்கு ஏறத்தாழ இல்லை என்பதை 2018-இல் பீஸ்லி குழுவினர் ஹபிள் தொலைநோக்கியால் நிறுவினர். 2023-இல் கொமெரோன் குழுவினரின் ஆய்வு, மையத்திலிருந்து சுமார் 20,000 ஒளியாண்டு வரையில் கரும்பொருளின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது எனக் காட்டியது. இத்தகைய பெருநிறை மண்டலத்தில் அது ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இன்றளவும் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.