கடற்கயாக் கழகத்திற் சேர்தல்: சம்மாந்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்பொருள்

சம்மாந்துறை இன்று நெல் விளையும் ஊர். காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியில் மேற்கே திரும்பினால் கடல் முதுகுப்புறம் போய்விடும், இருமருங்கும் வயல்வட்டைதான். ஆயினும் ஊரின் பெயர் நீரைச் சேர்ந்தது. சம்மான் என்னும் தோணிகள் வந்து தரித்த துறை என்பதே ஊரார் வழிவழியாகச் சொல்லும் பெயர்க்காரணம். மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம்வரை நீண்டு கிடப்பதை எண்ணினால் அக்கூற்று பொருந்தாததன்று. தோணியாற் பெயர்பெற்ற ஓர் ஊரின் இளைஞர் துடுப்புப் பிடிக்க விரும்பினால் அவர் எதிற் சேர்கிறார், எவ்வொழுங்கிற் சேரவேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

2. வரையறைகள்

கயாக் என்பது மேற்புறம் மூடிய, ஒடுங்கிய, உட்குழிவான சிறுகலம். செலுத்துபவர் கால்நீட்டி இருந்து, இருபுறமும் அலகுள்ள இருமுனைத் துடுப்பால் வலிப்பார். வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகச் சட்டகத்தின்மேல் தோல் போர்த்து ஆக்கிய கலம் இது. அதில் கடலுக்கென அமைந்த வகையைக் கடற்கயாக் என்கிறோம்; நீளம் ஏறக்குறைய 5 மீற்றர், அகலம் பெரும்பாலும் 60 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது.

நம் கலங்களோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு விளங்கும். தோணி திறந்தது, கோல் ஊன்றியோ ஒற்றைத் துடுப்பு வலித்தோ செலுத்தப்படுவது. கட்டுமரம் மரங்களைப் பிணைத்தது. குழிவில்லாமையால் நீர் அதன்மேல் ஏறி வடியும், நிரம்பாது. கயாக்கோ குழிவுடையது, கவிழ்ந்தால் நீர் கொள்ளும். ஆதலால் அதன் முன்னும் பின்னும் நீர்புகா அறைகள் வேண்டும். இவ்வறைகளைத் தடுப்பறை என்றும், இருக்கைவாயை மூடி இடுப்பைச் சுற்றிவரும் நெகிழ்துணியை நீர்மறைசீலை என்றும் வழங்குவோம்.

சேர்தல் மூவகைப்படும். சந்தா கட்டிப் பெயர் பதிதல் பெயர்ச்சேர்க்கை. ஒழுங்காக வந்து கற்றல் பயிற்சிச்சேர்க்கை. உடன் வருபவர் கவிழ்ந்தால் அவரை மீட்கும் கடப்பாட்டை ஏற்பதும், தாம் கவிழ்ந்தால் பிறர் கைக்கு உடன்படுவதும் கடப்பாட்டுச்சேர்க்கை. இம்மூன்றாவதே முழுமையான சேர்தல் என்பது நம் துணிபு. தனியே கடல் செல்ல முடியாதா என வினவலாம். முடியும். ஜெர்மனியரான ஒஸ்கார் ஸ்பெக் 1932 இல் ஊல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கிற் புறப்பட்டு, இந்தியக் கரையோரமாக இலங்கைக்கும் வந்து, 1939 இல் அவுஸ்திரேலிய எல்லையை அடைந்தார். அவர் செயல் வியப்புக்குரியது. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு வகுப்போர் அதை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

3. நீரும் காற்றும்

குளிர்நாட்டுக் கழகங்களின் விதிநூல்கள் இரு பகைகளை முன்வைத்து எழுந்தவை: உடலை விறைக்கச் செய்யும் குளிர்நீர், பல மீற்றர் ஏறியிறங்கும் வற்றுப்பெருக்கு. நம் கரையில் நீர் வெதுவெதுப்பானது. வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே அந்நூல்களை அப்படியே பெயர்த்தெடுப்பது பிழை. இங்கு முதலிடம் பெறுவது காற்று.

வாடைக் காலத்தில், கார்த்திகை முதல் மாசி வரை, கடல் கொந்தளிக்கும். அதன் ஆபத்து வெளிப்படையானது. கரையில் நிற்கும் எவரும் அறிவர். கச்சான் வேறுவகை. தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், மலைகளைத் தாண்டி வறண்டு வெப்பமாகி, நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசுவது அது. அன்று கரையோரக் கடல் தட்டையாக, பாய் விரித்தாற்போற் கிடக்கும். புதியவர் அதைக் கண்டு துணிவார். வெளியே செல்லச் செல்லக் காற்று முதுகிற் தள்ள, தம் வலிமையாற் செல்வதாக எண்ணுவார். திரும்பும்போதுதான் உண்மை தெரியும். அமைதிநீரில் மணிக்கு 5 கிலோமீற்றர் செல்லும் ஒருவர், போபோர்ட் அளவில் 4 எனக் குறிக்கப்படும் எதிர்காற்றில், அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வீசும் காற்றில், முன்னேறுவதே அரிது. கரையிலிருந்து தொலைவு மிக மிக அலையும் உயரும், கையும் சோரும். கிழக்குக் கரையிற் கழகம் காண்போர் எழுதவேண்டிய முதல் விதி இதுவே: கச்சான் நாளில் எவரும் கடல் இறங்கலாகாது.

ஆற்றுவாய்களை இரண்டாவதாக வைப்போம். மாரிவெள்ளத்தில் மணல்மேடு வெட்டப்பட்ட வாயினூடு நீர் கடலுக்குப் பாயும் விசை எந்தத் துடுப்புக்கும் அடங்காது.

4. பயிற்சியின் படிநிலைகள்

முதற்படி நீச்சல். மிதவை அங்கி அணிந்தபடி ஆழநீரிற் கலக்கமின்றி இருக்கத் தெரிதல் இதில் அடங்கும்.

அடுத்தது நீரடி விடுபடல்: கலம் தலைகீழானதும், நீருக்கடியில் முன்குனிந்து, நீர்மறைசீலையின் பிடியை இழுத்து, வெளிவருதல். சில நொடிச் செயலாயினும் உள்ளத்தை ஆளப் பலமுறை பழகவேண்டும்.

மூன்றாவது துணைமீட்பு. கவிழ்ந்த கலத்தின் முனையை மீட்பவர் தம் கலத்தின்மேல் இழுத்தேற்றி, நீர் வடித்து, நிமிர்த்தி, இரு கலங்களையும் அணைத்துப் பிடிக்க, நீரிலிருப்பவர் மேலேறுவார். இருவரும் மாறிமாறிச் செய்து தேறிய பின்னரே ஒருவரை உறுப்பினர் எனக் கொள்ளல் வேண்டும். இருக்கையை விட்டு நீங்காமல் இடுப்பசைவாலும் துடுப்பாலும் நிமிரும் உருள்மீட்பு அழகிய கலை. ஆனால் அது பின்னர்க் கற்கத்தக்கது.

இவையெல்லாம் வாவியின் ஆழங்குறைந்த நீரில், சுபஹுத் தொழுகை முடிந்து காற்று எழுமுன் நடைபெறுதல் நன்று. எவ்விடத்தில் முதலை உண்டு என்பதை அங்கு தூண்டில் போடுவோரிடம் கேட்டறிக.

5. கழகத்தின் அமைப்பு

இக்கரையில் ஒருவரையொருவர் சார்ந்த கடப்பாடு புதிதன்று. கரைவலையில் ஒரு கயிற்றுத் தலைப்பு கரையில் நிற்க, தோணி வலையை வளைத்துவர, இருபுறமும் ஆட்கள் இழுக்கின்றனர். ஒருவர் கைவிட்டால் அனைவர் பங்கும் குறையும். இவ்வொழுங்கே கழகத்துக்கும் அடிப்படையாகத் தக்கது. குழுத்தலைவரான தண்டையல் போன்ற ஒருவரின் சொல்லுக்கு அனைவரும் கட்டுப்படுதலும் அதன்பாற்படும்.

இரு தடைகளை மறைக்கலாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகளில் கடலைப் பற்றிய அச்சம் இன்றும் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்பது கொடுமை. பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாயைக் கரைக்கு அழைத்து, துணைமீட்பைச் செய்து காட்டுவதே முறை. மற்றது பெண்கள் பற்றிய தயக்கம். இதே மாவட்டத்தின் அறுகம்பேயில் 2018 இல் பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. தனி நேரமும், பெண் பயிற்றுநரும், நீரில் கனக்காத அடக்கமான உடையும் அமைந்தால் கயாக்கிலும் அது இயலும்.

கழகம் தொடங்க எண்ணும் சம்மாந்துறை, கல்முனை இளைஞரிடம் நாம் வேண்டுவது ஒன்று. கலம் வாங்கப் பணம் திரட்டுமுன், ஒரு குறிப்பேட்டோடு கரைவலைக்காரரிடம் செல்லுங்கள். கச்சான் எழும் நாட்களையும், ஆற்றுவாய் வெட்டும் காலத்தையும், அவர்கள் கடல் இறங்காத நாட்களின் காரணத்தையும் கேட்டு எழுதி வாருங்கள்.