இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் நின்ற கதை



ரெட்டை எஞ்சின் விமானம் எதற்கு? ஒன்று நின்னாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்பதற்குத்தானே?

2007 மார்ச் 4. ஜெர்மனியின் ஸ்பையர் விமான நிலையம். டைமண்ட் டிஏ42 என்ற சிறு விமானம் மேலெழும்பியதும் சக்கரங்களை உள்ளிழுக்கிறார்கள்.

ரெண்டு எஞ்சினும் ஒன்றாக நின்னு போச்சு! விமானம் தரையில் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஏன் அப்படி ஆச்சு?

சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். விலையும் அதிகம். ஜெட் எரிபொருளோ மண்ணெண்ணெய் வகை, டீசல் எஞ்சினுக்கும் ஒத்துவரும்.

இதைப் பிடித்துக்கொண்டவர் ஃபிராங்க் தீலர்ட். 1989இல் ஜெர்மனியில் சிறு கம்பெனி தொடங்கியவர். மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் எஞ்சினை அடிப்படையாக வைத்து, 135 குதிரைத்திறன் விமான எஞ்சினை உருவாக்கினார்கள். 2002இல் சான்றிதழும் கிடைத்தது.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரியும். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஓட ஆரம்பிச்சிட்டா கரண்ட்டே தேவைப்படாது. ஆனால் இந்த நவீன எஞ்சினில் எரிபொருளை எப்போது, எவ்வளவு பீய்ச்சணும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதுக்கு கரண்ட் கட்டாயம்.

எஞ்சினுக்கு ரெண்டு கம்ப்யூட்டர். ஆக மொத்தம் நாலு. பாதுகாப்புதானே?

அன்று விமானத்தின் பேட்டரி காலி. வெளி மின்சாரம் கொடுத்து ரெண்டு எஞ்சினையும் கிளப்பிவிட்டார்கள். கையேடு சொன்னது வேறு: வெளி மின்சாரத்தில் ஒன்றை மட்டும் கிளப்பு, அடுத்ததை விமானத்தின் சொந்த மின்சாரத்தில் கிளப்பு. அப்படிச் செய்திருந்தால் பேட்டரியின் லட்சணம் தரையிலேயே தெரிந்திருக்கும்.

சக்கரத்தை இழுக்கும் மோட்டார் கரண்ட்டை உறிஞ்ச, வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தது. கம்ப்யூட்டர்கள் ரீசெட் ஆகின. எஞ்சின்களும் நின்றன.

அதன்பின் கம்ப்யூட்டர்களுக்கென்று தனி பேட்டரி கட்டாயமானது. 2008இல் கம்பெனி திவாலானது. ஆனால் எஞ்சின் சாகவில்லை. 2013 முதல் காண்டினென்டல் என்ற பெயரில் தொடர்கிறது.

டாக்டராக இதை ஏன் சொல்றேன்?

நமக்கும் சிறுநீரகம் ரெண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்றை வைத்து வாழலாம். ஆனால் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரெண்டையும் சேர்த்தே தாக்கும்.

உங்களிடம் ஸ்பேர் எத்தனை இருக்கு என்பது முக்கியமில்லை. அத்தனையும் எதை நம்பி ஓடுது என்று பாருங்க.