முத்துச் சலாபமும் ஒரு கம்பெனியும்



மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடற்கரையில், ஆளுநர் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் நிற்கின்றன. ஒருமுறை எம் பாடசாலை மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். “முத்து விளைந்த இந்தக் கடலையே குத்தகைக்கு எடுத்த கம்பெனி எப்படி ஐயா நொடித்துப் போயிற்று?” என்று ஒரு மாணவி வினவினாள். அன்று எனக்குச் சட்டென விடை கூற வரவில்லை.

சிப்பி வாணிபம் விந்தையானது. மூடிய சிப்பியினுள் முத்து உண்டா என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். அதனாலேயே அரசினர் சலாபத்துக்கு முன் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, கிடைத்த முத்தின் மதிப்பை விளம்பரப்படுத்தினர். சலாப காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கு, எஞ்சியது அரசுக்கு. அரசின் பங்கு மாலைதோறும் ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலையென்று ஏலம் போயிற்று. செட்டிமாரும் மரைக்காயரும் இயன்ற அளவு வாங்கினர். ஒருவர் தோற்றால் மற்றவர் வென்றார். நட்டமும் இலாபமும் பல கைகளில் சிதறின.

1891க்குப் பின் 1903 வரை சலாபமே இல்லை. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்தார். 1905இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா! அந்த வெற்றியின் வெளிச்சத்தில், 1906இல் இலண்டன் முதலாளிகளின் கம்பெனியொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுக் குத்தகை பெற்றது. பொன் முட்டையிடும் வாத்தை அரசு அற்ப விலைக்கு விற்றுவிட்டதென இங்கே பலர் சினந்தனர்.

போட்டியில்லாத் தனியுரிமை கைக்கு வந்தால் இலாபம் உறுதி என்பது கம்பெனியின் கணக்கு. போட்டியாளரை விலக்க ஒப்பந்தம் போதும். சிப்பிக் குஞ்சுகளைப் பாரில் தங்கவைக்க அது போதாது. முன்பு பலர் பகிர்ந்த நட்டம் இப்பொழுது ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தது. சலாபம் இல்லாத ஆண்டிலும் குத்தகைப் பணம் கட்டவேண்டுமே! பன்னிரண்டு ஆண்டு வறட்சி கண்முன் இருந்தும், மூன்று நல்ல ஆண்டுகளை நம்பியது என் கருத்தில் பெரும் பிழை. 1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. பின்னர் பார்கள் வெறுமையாயின. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அடுத்த சலாபம் 1925இல்தான். அதற்குள் யப்பானியரின் வளர்ப்பு முத்து இலண்டன் கடைகளுக்கு வந்துவிட்டது.