இரும்பு மறிக்கும் ஒளி

நீலாய்த் தோட்டங்களில் வெயில் ஏறுமுன் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்க்குக் கதிரவனே கடிகாரம். அக்கதிரவனுள் ஒளி படும் இடர்ப்பாட்டை அறிந்துகொண்ட வரலாறு வியப்புக்குரியது.

டாக்காவுக்கு அருகே சிற்றூரொன்றில் மளிகைக்கடைக்காரரின் மகனாய்ப் பிறந்தவர் மேகநாத் சாகா. வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவுக்கு 1920இல் அவர் சமன்பாடு கண்டார். விண்மீன் ஒளியைப் படிக்க அதுவே நெடுங்கணக்கு எனின் மிகையன்று.

கதிரவனின் மையத்திலிருந்து ஆரத்தின் 70 விழுக்காட்டுத் தொலைவில் வெப்பம் ஏறத்தாழ 20 இலட்சம் பாகை. அங்கே இரும்பணு தன் 26 எலக்ட்ரான்களில் பதினாறு, பதினேழை இழந்து அயனியாய் நிற்கும். அவ்வயனி ஒளித்துகளை விழுங்கி, மேலும் ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும். இதுவே ஒளி அயனியாக்கம். அளவில் இரும்பு மிகச் சிறுபான்மை. ஒளியை மறிப்பதிலோ அதன் பங்கு பெரிது.

கன தனிமங்களின் ஒளித்தடையை மறுபடி கணிக்க வேண்டுமென 1982இல் நார்மன் சைமன் வற்புறுத்தினார். புதுக் கணக்கீடுகள் அவர் ஐயத்தை மெய்ப்பித்தன. ஆயினும் 2015இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் இரும்பை அவ்வெப்பத்துக்கே சூடாக்கி அளந்தபோது, தடை கணித்ததினும் 30 முதல் 400 விழுக்காடு வரை மிகுந்திருந்தது! மறு ஆண்டே, சாகாவைப் போல் வங்க மண்ணில் பிறந்த சுல்தானா நஹரும் அனில் பிரதானும், 16 எலக்ட்ரான் இழந்த இரும்பின் ஒளி அயனியாக்கம் முன்னைய கணிப்பினும் மிகுதி என்றனர். வேறு அறிஞர் மறுத்தனர்.

இது வெறும் எண் வழக்கன்று. கதிரவனின் அதிர்வுகள் காட்டும் உள்ளமைப்பும், அதன் ஒளிப்பட்டையைப் புதிதாய் ஆராய்ந்து கண்ட தனிம அளவும் இணங்கவில்லை. இரும்பின் தடை உண்மையிலேயே மிகுதியாயின், அப்பிணக்கின் ஒரு பகுதியேனும் தணியும்.